முட்டைப் பெட்டி கீழே... அடையும் கம்பு மேலே!

முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை பக்கம் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் ஒரு தலைவலி உண்டு. பெட்டி வைத்து வைக்கோல் பரப்பினாலும், கோழி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் முட்டையிடும். ராத்திரி மட்டும் அதே பெட்டியில் ஏறிப் படுத்து எச்சமிட்டு வைக்கும். காலையில் கிடைக்கிற ஒன்றிரண்டு முட்டையும் அழுக்காகவோ, விரிசல் விட்டோ இருக்கும்.

கோழிமேல் தப்பில்லை. அதன் மூதாதை காட்டுக்கோழி. பகலெல்லாம் தரையைக் கிளறும். இருட்டினால் மரக்கிளையில் அடையும். முட்டையிட மட்டும் புதர் மறைவைத் தேடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு இருந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. கூண்டுக்குள் எது உயரமோ, அங்கேதான் அது தூங்கும். ஆகவே, அடையும் கம்பு எப்போதும் முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பாதிப் பிரச்னை இதிலேயே தீர்ந்துவிடும்.

கம்புக்கு நம் கடலோரத்துச் சவுக்கே போதும். 4 முதல் 5 செ.மீ. கனமுள்ளதாகப் பார்த்து, பட்டையை உரித்து, சிராய் இல்லாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைப் மலிவுதான், ஆனால் கால் வழுக்கும். ஒரு கோழிக்கு 20 செ.மீ. இடம் வீதம் ஐந்து கோழிக்கு ஒரு மீட்டர் கம்பு. தரையிலிருந்து இரண்டடி உயரம் சரி. உடம்பு கனத்த கோழி என்றால் இன்னும் தாழ்த்துங்கள். குதித்துக் குதித்து உள்ளங்கால் வீங்கிவிடும். ஏணிப்படி மாதிரிக் கட்டினால் மேல்கம்புக்குச் சண்டை நடக்கும், ஒரே மட்டமாக இருக்கட்டும்.

கம்பை ஆணி அடித்து இறுக்காதீர்கள். இரு பக்கமும் பள்ளம் வெட்டி, எடுத்துக் கழுவும்படி வையுங்கள். இரவில் கோழியின் ரத்தத்தை உறிஞ்சும் சிவப்புச் செள்ளு, பகலில் இந்த இடுக்குகளில்தான் ஒளிந்திருக்கும்.

பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி. பழக்கடை மரப்பெட்டியே போதும். முன்பக்கம் நான்கு விரல்கடை உயரத்துக்குப் பலகை வைத்தால் வைக்கோலும் முட்டையும் உருளாது. மேல்மூடி நன்றாகச் சரிந்திருக்கட்டும், இல்லையென்றால் அதன்மேல் அடையும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. (இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றுக்கே வரிசையில் நிற்கும், அது வேறு விஷயம்!) வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்து, உள்ளே ஒரு பிங்பாங் பந்தைப் போடுங்கள். முட்டை என்று நம்பி, பக்கத்தில் தானும் இடும். பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும் என்பதால் அன்றன்றே எடுத்துவிடுங்கள். உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்த கோழியைத் திருத்துவது கஷ்டம்.

புதுச்சேரியில் இதையெல்லாம்விட முக்கியமானது மழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அப்படிப்பட்ட இரவில், தரையோடு தரையாக வைத்துப் பூட்டிய கூண்டில் கோழி தப்பிக்க வழியில்லை. அதனால் கூண்டைச் செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் தூக்குங்கள். பெட்டியின் வாய் வடகிழக்கைப் பார்க்க வேண்டாம். நம் பருவமழைச் சாரல் அங்கிருந்துதான் அடிக்கும். நனைந்த வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும், உடனே மாற்றுங்கள். உப்புக்காற்றில் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடிக்கும். கீரிக்கும் எலிக்கும் ஒரு சின்ன ஓட்டை போதும்.

கோழி தலை தொங்கி நின்றாலோ, எச்சம் பச்சையாகப் போனாலோ கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல், குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

பெட்டியையும் கம்பையும் கோழிக்கு 18 வாரம் ஆகும்போதே வைத்துவிடுங்கள். முதல் முட்டைக்கு முன்பே இடம் பழகியிருக்கும். சேவல் அவசியமில்லை, அது இல்லாமலே கோழி முட்டையிடும். அதிகாலைக் கூவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரவும் மாட்டார்.