கோலகங்சாருக்கு வந்த பயணி

1879. ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்ட் யானைமேல் பேராக்கின் கோலகங்சார் வந்து சேர்ந்தார். பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகரான ரெசிடென்ட் ஹியூ லோ ஊரில் இல்லை. உணவு மேசையில் பேர்டுக்குத் துணையிருந்தவை லோ வளர்த்த இரண்டு குரங்குகள்! அதற்கு முன், 1875-இல், பேராக்கின் முதல் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட, போர் மூண்டது. அந்தப் பூசலையும் மலாய் மக்களின் வாழ்க்கையையும் பேர்ட் எழுதினார். தங்கைக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1883-இல் நூலாயின.

பேர்ட் வந்தபோது, 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. பின்னாளில் நம் தமிழ் முன்னோர் பலரைப் பேராக் தோட்டங்களுக்கு வரவழைத்தது அந்தப் பால்மரம்தான். அந்தக் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாகக் கோலகங்சாரில் நிற்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பேராக்கைப் பற்றி வெளியூர்ப் பயணி எழுதிவைத்தார். தோட்டத்து வாழ்வை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.