திரை எழுத்துருக்களின் பெயர் முறை

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் 'கைட்' நிறுவனம் வழங்கும், உபுண்டு வழிவந்த லினக்ஸ் இயங்கி வருகின்றது. கொல்லங்கோடு அடங்கிய சித்தூர் வட்டத்தின் தமிழ்வழி ஆசிரியர்களும் இதனை அறிவர். படச்சூழல் தொடங்காது நின்றுவிடும்போது எஞ்சுவது 'கன்சோல்' எனப்படும் கரிய எழுத்துத் திரை ஒன்றே. அதில் எழுத்துக்கள் மிகச் சிறியனவாயின், பெரிய எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அதற்குக் கோப்பின் பெயரே வழிகாட்டி.

இவ்வெழுத்துக்கள் கட்டங்களில் புள்ளிகளை நிரப்பி அமைக்கப்பட்டவை. ஆதலால் ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கோப்பு தேவைப்படுகின்றது.

'லாட்15-டெர்மினஸ்16' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 'லாட்15' என்பது ஆங்கிலம் முதலிய மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துத் தொகுதி. 'டெர்மினஸ்' எழுத்து வடிவின் பெயர். 16 என்பது புள்ளிக் கணக்கில் உயரம். அகலம் குறிக்கப்படாவிடில் அது 8 புள்ளி என்று கொள்க. 'லாட்15-டெர்மினஸ்போல்டு28×14' என்பதில் 'போல்டு' தடித்த எழுத்தையும், 28 உயரத்தையும், 14 அகலத்தையும் குறிக்கும்.

இங்கு இரண்டு இடங்களில் பிழை நேரக்கூடும். 'சன்12×22' என்னும் பழைய எழுத்துருவில் அகலமே முன்னிற்கின்றது. 'டெர்-132பி' என்பதில் 132 உயரமன்று. 1 என்பது ஐ.எஸ்.ஓ. 8859-1 தொகுதி, 32 உயரம், 'பி' தடித்த எழுத்து. 'செட்ஃபாண்ட்' கட்டளையால் தவறான எழுத்துருவை ஏற்றிவிடினும் அஞ்ச வேண்டுவதில்லை. கணிப்பொறியை மீண்டும் தொடங்கினால் பழைய நிலை திரும்பும்.

இத்தொகுதிகளுள் தமிழ் உண்டோ எனில், இல்லை. கன்சோல் எழுத்துருவில் 512 வடிவங்கள் வரை அடங்கும்; தமிழின் 247 எழுத்துக்களுக்கு இது போதும். தடை எண்ணிக்கையிலன்று, இணைப்பில் உள்ளது. கணிப்பொறியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும் இரு குறியீடுகளாகப் பதிவாகின்றது. அக்குறியைப் பிரித்து ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். கன்சோலோ ஒரு குறியீட்டுக்கு ஓர் இடம் என வரிசையாக வைக்குமேயன்றி, இவ்வாறு பிரித்து நிறுத்த அறியாது.

ஆகவே மாணவர் 'கொல்லங்கோடு' எனப் பெயரிட்டுச் சேமித்த கோப்பு, கன்சோலில் வெறும் கட்டங்களாகத் தோன்றலாம். கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அதனை அழித்துவிடலாகாது. படச்சூழலுக்கு மீண்டவுடன் பெயர் முறையாகத் தெரியும்.