திரை மூலையில் எழும் போலி வைரஸ் எச்சரிக்கை: அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்

கணினித் திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்புகிறது. "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்", "பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்கிறது. அருகில் பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் முத்திரையைப் போன்ற ஒன்று. மூடினால் சில நிமிடங்களில் அடுத்தது வருகிறது. இதைக் கண்டு பயந்து சிலர் பெட்டியை அழுத்திவிடுகிறார்கள். சிலர் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே வேண்டாத வேலை. அந்தப் பெட்டியை அனுப்புவது, பிரவுசரிடம் எப்போதோ அனுமதி வாங்கி வைத்திருக்கும் ஓர் இணையதளம். அந்த அனுமதி ஏமாற்றிப் பெறப்பட்டது. அதை ரத்து செய்ய ஒரு ரூபாயும் செலவில்லை; அப்படி ரத்து செய்வதற்கு யாரும் கூச்சப்படவும் வேண்டியதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 2015 ஏப்ரலில் வந்த குரோம் 42-ஆம் பதிப்பு, இணையதளங்கள் நேரடியாகப் பயனரின் திரைக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்களிலும் இந்த வசதி உண்டு. மின்னஞ்சல் வந்திருக்கிறது, கூட்டம் தொடங்கப்போகிறது என்று சொல்வதற்கு அது உதவும். ஆனால் ஒருமுறை "அலவ்" அழுத்திவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பிறகும் அதனால் அறிவிப்பு அனுப்ப முடியும். அந்த அறிவிப்பு எங்கே தோன்றுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விண்டோஸ் தன் சொந்த எச்சரிக்கைகளைக் காட்டுகிற அதே மூலையில், ஏறக்குறைய அதே உருவத்தில் தோன்றுகிறது. இயங்குதளம் சொல்வதும் முகம் தெரியாத ஒருவன் சொல்வதும் ஒரே வாயிலிருந்து வந்தால், சாதாரணப் பயனர் எதை வைத்துப் பிரித்தறிவார்? அனுமதி வாங்கும் விதம் இன்னும் மோசமானது. இலவசத் திரைப்படம், கிரிக்கெட் நேரலை, திருட்டு மென்பொருள் என்று தேடிப் போகிறவர்களிடம் "நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அலவ் அழுத்துங்கள்", "வீடியோ ஓட அலவ் அழுத்துங்கள்" என்று கேட்கிறார்கள். ரோபோ இல்லை என்று நிரூபிப்பதற்கும் அறிவிப்பு அனுப்பும் அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான சரிபார்ப்பு எதுவும் இந்த அனுமதியைக் கேட்காது.

இதில் யாருக்கு என்ன லாபம்? பெட்டியை அழுத்தினால் ஆன்டிவைரஸ் விற்பனைப் பக்கம் ஒன்று திறக்கும். விற்றுக்கொடுத்தவருக்குக் கமிஷன். இது சிறிய வருமானம். பெரிய வருமானம், பயம் முற்றிய பிறகு வருகிறது. முழுத்திரையை அடைத்துக்கொண்டு சைரன் ஒலியுடன் ஒரு பக்கம் விரியும். அதில் மைக்ரோசாஃப்ட் உதவி எண் என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும். அழைத்தால் இனிமையாகப் பேசும் ஒருவர் எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார். பிறகு கணினி அவர் கையில். அமெரிக்காவில் எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2024-இல் மட்டும் இப்படிப்பட்ட தொழில்நுட்ப உதவி மோசடி பற்றி 36,002 புகார்கள் வந்தன. இழப்பு 146 கோடி டாலர். இந்தக் குற்றத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2023 அக்டோபரில் சிபிஐ "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் அடங்கிய வழக்குகளில் சில, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் உதவி மையம் போல நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய இந்தியக் கால் சென்டர்களைப் பற்றியவை.

இதெல்லாம் இருட்டில் ஒளிந்திருக்கும் திருடர்களின் வேலை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற சைப்ரஸ் நிறுவனங்கள் விண்டோஸ் எச்சரிக்கை போலத் தோன்றும் விளம்பரங்களைக் காட்டி, கணினி நன்றாக இருந்தாலும் பழுது இருப்பதாகச் சொல்லிப் பணம் பறித்தன என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 மார்ச்சில் அவை 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதற்கு ஐந்தாண்டு முன்பு, ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரும் அதன் மென்பொருளைத் தந்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. கடையில் கணினியைச் "சோதித்து" வைரஸ் அறிகுறி உண்டு என்று சொன்ன அந்த மென்பொருள், உண்மையில் தொடக்கத்தில் கேட்கப்படும் நான்கு கேள்விகளின் பதிலை வைத்தே முடிவைக் காட்டியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. கணினி மெதுவாக ஓடுகிறது என்று டிக் அடித்தாலே போதும். கணினி பற்றித் தெரியாதவரின் பயத்துக்குச் சந்தையில் விலை உண்டு என்பதைத்தான் இந்த வழக்குகள் காட்டுகின்றன.

"அலவ் அழுத்தியது அவர்தானே? தவறு அவருடையதுதான்" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் பிள்ளைகள் பெற்றோரைக் கடிந்துகொள்வதும் இப்படித்தான். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. இதை மக்கள் விரும்பிக் கேட்டார்களா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அறிவிப்பு அனுமதி கேட்கும் பெட்டிகளில் ஏறக்குறைய 99 விழுக்காடு ஏற்கப்படுவதே இல்லை என்று 2019-இல் மொசில்லா நிறுவனம் தன் ஆய்வில் கண்டது. அதனால்தான் 2020 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் எதையாவது அழுத்தாமல் இந்தப் பெட்டி தானாகத் தோன்றுவதைத் தடுத்தது. அதே ஆண்டில் குரோமும் அத்துமீறும் தளங்களின் கோரிக்கைகளை அடக்கத் தொடங்கியது. நூற்றில் ஏறக்குறைய ஒருவர் மட்டுமே மனமுவந்து தரும் ஒன்றைக் கறக்கவே ரோபோ வேடம் தேவைப்படுகிறது. நம் சட்டமும் இப்படிப்பட்ட சம்மதத்தை மதிப்பதில்லை. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், "டார்க் பேட்டர்ன்ஸ்" எனப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. கணினியில் வைரஸ் இருப்பதாக நம்பவைத்து, அதை நீக்குவதாகப் பணம் வாங்க முயல்வது அந்தப் பதின்மூன்றில் ஒன்று. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. என்றாலும் சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அது தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரே சொடுக்கில் வாங்கிய அனுமதியை ஐந்து பக்கம் உள்ளே போய்த் தேடி ரத்து செய்யவைக்கும் பிரவுசர் நிறுவனங்கள் இந்தக் கோட்பாட்டை மனத்தில் வைக்க வேண்டும்.

சரி, எப்படி நிறுத்துவது? குரோமில் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர், பொருளற்ற எழுத்துக் கூட்டமாக இருக்கும் முகவரி எதுவானாலும் அதை "பிளாக்" செய்யுங்கள். வெறுமனே "ரிமூவ்" செய்தால் அதே தளம் மறுபடி கேட்கலாம். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்ற தேர்வையும் வைத்துவிடலாம். எட்ஜ், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸைத் திறந்து தேடல் கட்டத்தில் "நோட்டிஃபிகேஷன்ஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்த இடத்துக்குப் போய்விடலாம். இவ்வளவு செய்தும் தொல்லை தொடர்ந்தால் எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலைப் பார்த்து, நீங்கள் போடாத எதையும் நீக்குங்கள். சைரன் ஒலிக்கும் முழுத்திரைப் பக்கம் வந்தால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள்; அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

எல்லா அறிவிப்பையும் அடைத்துவிட்டால் பயனுள்ளதும் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. அலுவலக மின்னஞ்சலுக்கும் காலண்டருக்கும் மட்டும் விலக்குக் கொடுக்க அதே பக்கத்தில் வழி இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அதற்குமேல் தேவைப்படாது. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: உண்மையான எச்சரிக்கையையும் பொய் என்று ஒதுக்கிவிட்டால்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், அதைப் பற்றிய உண்மையான அறிவிப்புகளும் வீட்டுக் கணினிகளில் வருகின்றன. ஆகவே குழப்பம் இயல்பே. பிரவுசர் வழியாக வரும் அறிவிப்பில் பிரவுசரின் பெயரும் அனுப்பும் தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் ஒருபோதும் தொலைபேசி எண் இராது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால், எச்சரிக்கையைத் தொடாமல் ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தட்டி நீங்களே திறந்து சோதனை ஓட்டுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. உண்மையில் ஆபத்து இருந்தால் அது அங்கே தெரியும். செய்தி சொன்னவனை நம்பாமல் செய்தியை மட்டும் நாமே சரிபார்த்துக்கொள்வதால் எந்த உண்மை எச்சரிக்கையும் தவறிப்போகாது.

ஏற்கெனவே யாரையாவது கணினிக்குள் விட்டுவிட்டீர்களா? முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்குங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுமுன் அதை நிறுத்திவைக்க 2021 முதல் இயங்கும் ஏற்பாடு இதுவே. இங்கே நேரம்தான் எல்லாம் என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. ஓடிபி-யையோ கடவுச்சொல்லையோ அவரே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் கணம் வரையான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அலட்சியம் வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேல்தான் இருக்கிறது. வங்கி முப்பது நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதிலில் நியாயம் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவமானத்தால் இரண்டு நாள் வாய்மூடி இருப்பவர்கள், தங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் இந்தப் பாதுகாப்பைத் தாங்களே கரைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பெற்றோரைத் திட்டாதீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். திட்டுக்குப் பயந்தவர் அடுத்தமுறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

பணம் எதுவும் போகவில்லை என்றாலும் புகார் செய்யுங்கள். கணினி வழியாக இன்னொருவர் போல நடித்து ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். திரையைப் படமெடுத்து, தளத்தின் முகவரியையும் அதில் காட்டிய தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்-இல் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்குரிய எண்களையும் தளங்களையும் தெரிவிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. ஏமாற்றி விற்கப்பட்ட ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த வாரமே உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் அந்த அறிவிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வயதானவர்கள் பயன்படுத்தும் கணினியை முதலில் பாருங்கள்.