மதம் என்றால் என்ன? வகுப்பறையில் ஒரு வரையறைத் தேடல்

நாஞ்சில் நாட்டில் சமூக அறிவியல் கற்பிக்கும் எனக்கு, மாசி 20 உள்ளூர் விடுமுறையையொட்டி ஆண்டுதோறும் வரும் கேள்வி இது: "அய்யாவழி தனி மதமா சார்?"

'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் வகுப்பில் யாரோ ஒரு குழந்தையின் வீட்டை மறுத்ததாகிவிடும். அய்யாவழியினரிலேயே தம்மை இந்து சமயத்தின் ஒரு பிரிவினர் என்போரும் உண்டு. தனி மதத்தினர் என்போரும் உண்டு. எனவே, தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக வரையறைகளைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் வரையறை: 'மதம் என்பது கடவுள் நம்பிக்கை.' நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் சிற்பங்கள் உள்ளன. சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. உலகைப் படைத்த கடவுளை ஏற்காத சமணம் மதமில்லையா? வரையறை இங்கேயே இடறுகிறது.

இரண்டாவது: 'நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம் உடையது மதம்.' அய்யா வைகுண்டர் (1809–1851), அகிலத்திரட்டு அம்மானை, சாமிதோப்புப் பதி, ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் என அய்யாவழியில் எல்லாம் உண்டு. பள்ளியறையில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி. ஆண்கள் தலைப்பாகை கட்டி வணங்கும் முறை. ஆனால், தனியொரு நிறுவனர் இல்லாத சைவத்தை இதே வரையறை வெளியே நிறுத்திவிடும்.

மூன்றாவது: 'மூல நம்பிக்கை எதுவோ, அதுவே மதம்.' வைகுண்டரை நாராயணரின் அவதாரமாக வணங்குவதைச் சுட்டி, இந்து சமயத்தின் பிரிவு என்பவர்கள் இதன்வழியே வாதிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டம் மதச் சுதந்திரத்தை வழங்குகிறது, மதத்தை வரையறுக்கவில்லை. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்திற்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்று பௌத்தத்தையும் சமணத்தையும் எடுத்துக்காட்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மை அட்டவணைகளோ ஆறு மதங்களைப் பெயர் சொல்லிக் காட்டி, மற்றவற்றை 'பிற மதங்கள்' என ஒன்றாகச் சேர்க்கின்றன. உரிமையைக் காக்கும் நீதிமன்றத்திற்கு விரிந்த வரையறை தேவை. எண்ணிக்கை எடுப்போருக்குக் குறுகிய பட்டியல் போதும். நோக்கம் மாறினால் வரையறையும் மாறுகிறது.

தமிழாசிரியர்கள் இதில் பெரிதும் உதவ முடியும். நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் உடன்படலும் மறுத்தலும் அடங்கும். அங்கே 'மதம்' என்பது கொள்கை நிலைப்பாடு. மணிமேகலையில் சமயக்கணக்கர் வரிசையில் சைவர், வைணவரோடு கடவுளை மறுக்கும் பூதவாதியும் நிற்கிறார். 'சமயம்' என்ற சொல் அன்று இன்றைவிட அகலமாக இருந்திருக்கிறது.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்கு ஒவ்வொரு வரையறையும், நான்காவது குழுவிற்குச் சட்டப் பார்வையும் கொடுங்கள். யாருடைய வீட்டு வழக்கத்தையும் கேட்க வேண்டாம். பொதுவில் தெரிந்த செய்திகளே போதும். 'இந்த வரையறை யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே விடுகிறது?' என்ற ஒரே கேள்வியை எல்லாக் குழுக்களும் ஆராயட்டும்.

சேர்க்கைப் பதிவேட்டில் 'மதம்' என்ற கட்டத்தை நிரப்புபவர்களும் நாம்தான். அந்த இடத்தை வெற்றாக விட விரும்பும் பெற்றோருக்கு 1973 முதலே அரசாணை இருக்கிறது. தம் வழிக்கு ஒரு பெற்றோர் என்ன பெயர் சொல்கிறாரோ, அதைத் திருத்தாமல் கேட்டுக்கொள்ளும் பொறுமை நமக்கு வேண்டும்.