அயன்மேன் வீரர்கள் காலில் எந்த ஷூ? அதையே நாமும் வாங்கணுமா?

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில், மேல்மலையனூர் பக்கம் இருக்கும் ஊர் அவலூர்பேட்டை. இந்த ஏரியாவில் விடியற்காலையில் ரோட்டில் ஓடும் பசங்களைப் பார்ப்பது புதுசு இல்லை. போலீஸ் செலக்‌ஷனில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்கணும். அதற்காக ஓடுபவர்கள் பெரும்பாலும் கையில் கிடைத்த ஷூவில் ஓடுவார்கள், சிலர் வெறுங்காலில்.

இப்போது இன்னொரு கூட்டமும் ஓடுகிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்துக்கொண்டே மாரத்தான், டிரையத்லான் என்று இறங்கியவர்கள். 2019-ல் கோவாவில் 'அயன்மேன் 70.3' போட்டி தொடங்கிய பிறகு, 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என்பதெல்லாம் ஐ.டி. கம்பெனி கேன்டீனில் சாதாரணமாகப் பேசப்படும் விஷயமாகிவிட்டது. அந்தப் பேச்சில் தவறாமல் வரும் கேள்வி: "எந்த பிராண்ட் ஷூ வாங்கலாம்?"

கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஹோகா, ஆசிக்ஸ், நைக்கி, ஆன், சாக்கனி. விலையோ சில மாடல்களுக்கு 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. முதல் வேலை, முதல் சம்பளம், முதல் ரேஸ் என்று இருப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பணம் போவது ஒரு பக்கம். தப்பான ஷூவில் அவசரப்பட்டு ஓடினால் எலும்பே பாதிக்கப்படலாம் என்பது இன்னொரு பக்கம்.

சரி, பெரிய வீரர்கள் எதைப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள், அதில் நமக்கு உதவுவது எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷூவைக் கூடவா எண்ணுவார்கள்?

எண்ணுவார்கள். முழு அயன்மேன் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதை முடித்துவிட்டு 42.2 கி.மீ. மாரத்தான். 1978-ல் ஹவாயின் ஒவாஹு தீவில் 15 பேரோடு தொடங்கிய போட்டி இது. அதில் 12 பேர் முடித்தார்கள். 1981-ல் போட்டி ஹவாயின் பெரிய தீவுக்கு மாறியது. அங்கிருக்கும் கோனா என்ற ஊர் இன்று டிரையத்லான்காரர்களுக்குக் காசி மாதிரி.

உலக சாம்பியன்ஷிப் நடக்கும்போது அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீரர்கள் எந்த சைக்கிள், எந்தச் சக்கரம், எந்த சீட், எந்த ஷூ வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணி வெளியிடுவார்கள். 'கோனா கவுன்ட்' என்று பெயர். ஷூ கம்பெனிகள் ஆவலோடு எதிர்பார்க்கும் பட்டியல் இது. முதல் இடம் கிடைத்தால் விளம்பரத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை.

யார் முன்னணி? எப்படி மாறியது?

ஆசிக்ஸும் சாக்கனியும் அங்கே நீண்ட காலம் செல்வாக்காக இருந்தன. ஆசிக்ஸ், 1949-ல் கிஹாச்சிரோ ஒனிட்சுகா ஜப்பானின் கோபே நகரில் தொடங்கிய கம்பெனியின் வாரிசு. நடுவில் நியூட்டன் என்ற சின்ன அமெரிக்க கம்பெனியும் டிரையத்லான் உலகில் பேசப்பட்டது.

2009-ல் இரண்டு எதிரெதிர் விஷயங்கள் நடந்தன. ஒன்று, வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்ந்த 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்தது. மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூக்களுக்கு ஒரே கிராக்கி. இரண்டு, பிரான்ஸின் அனெசி நகரில் நிக்கோலா மெர்மூ, ஷான்-லுக் டியார் என்ற இருவர் மெத்தை மாதிரி தடிமனான ஷூவோடு ஹோகாவைத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் கோமாளி ஷூ என்று சிரித்தார்கள்.

மெல்லிய ஷூ மோகம் சீக்கிரம் அடங்கியது. விரல் விரலாகப் பிரிந்த ஷூ விற்ற வைப்ரம் கம்பெனி, உடல்நல நன்மை பற்றிச் சொன்ன விளம்பரங்களுக்காக வழக்கைச் சந்தித்தது. 2014-ல் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. தடிமன் ஷூ பக்கம் காற்று திரும்பியது. 2010-களின் பிற்பகுதியில் கோனா கணக்கில் ஆசிக்ஸை முந்திக்கொண்டு ஹோகா முதல் இடத்துக்கு வந்தது.

அடுத்து 2017-ல் நைக்கி 'வேப்பர்ஃப்ளை 4%' வந்தது. லேசான, துள்ளும் ஃபோம், நடுவில் கார்பன் ஃபைபர் தகடு. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடியது இந்த வகை ஷூவின் அடுத்த வடிவத்தில்தான். உடனே எல்லா கம்பெனிகளும் தகடு வைக்க ஆரம்பித்தன.

ஆட்டம் எல்லை மீறுகிறதோ என்று 2020 ஜனவரியில் உலக தடகள அமைப்பு கடிவாளம் போட்டது. ரோடு ரேஸ் ஷூவின் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. 2021-ல் வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசாவின் ஷூ 50 மி.மீ. என்று தெரிந்ததும் பட்டத்தைப் பறித்தார்கள்.

டிரையத்லானுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

இங்கேதான் பிராண்ட் பெயரை விட முக்கியமான விஷயம் இருக்கிறது. மாரத்தான் ஓடுபவர் தூங்கி எழுந்து புது காலோடு ஓடுவார். அயன்மேன் வீரர் 180 கி.மீ. மிதித்துவிட்டு, தொடை கல்லான பிறகு ஓட ஆரம்பிப்பார்.

அதற்குள் பாதம் வீங்கியிருக்கும். சூட்டைத் தணிக்கத் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் வழிந்து ஷூவுக்குள் இறங்கும். ஈரத்தில் தோல் ஊறி கொப்புளம் போடும். சிலர் நேரம் மிச்சப்படுத்த சாக்ஸே போடாமல் ஷூவுக்குள் காலை நுழைப்பார்கள். களைப்பில் ஓட்டத்தின் அழகெல்லாம் போய், குதிகால் தொப் தொப்பென்று விழும்.

இந்த நிலைமையில் ஷூவிடம் என்ன எதிர்பார்ப்போம்? விரல் பக்கம் அகலம். தண்ணீர் வெளியேறும் மேல்துணி. சட்டென்று மாட்ட எலாஸ்டிக் லேஸ், பின்னால் பிடித்து இழுக்க ஒரு வளையம். கடைசி 10 கி.மீ.யிலும் அமுங்கிப் போகாத குஷன். தடிமன் ஷூவை டிரையத்லான்காரர்கள் விரும்பியதற்குக் காரணம் இந்தத் தேவைகள். 2010-ல் சூரிச்சில் 'ஆன்' கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஒலிவியர் பெர்ன்ஹார்ட், அயன்மேன் போட்டிகளில் ஜெயித்தவர் என்பதும் தற்செயல் இல்லை.

அப்போ முதல் இடத்தில் இருப்பதுதானே பெஸ்ட்?

அவசரப்படாதீங்க. அந்தப் பட்டியலில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, ஸ்பான்சர். பெரிய வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு போடுகிறார்கள். ஹோகா சில வருடங்கள் அயன்மேன் போட்டிகளுக்கே அதிகாரப்பூர்வ ஷூ ஸ்பான்சராக இருந்தது. போகிற இடமெல்லாம் அந்தப் பெயர் கண்ணில் பட்டால், கடையில் கை அங்கேதான் போகும்.

இரண்டாவது, வேகம். வேப்பர்ஃப்ளையின் '4%' எங்கிருந்து வந்தது? நைக்கியின் நிதி உதவியோடு கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 வேகமான ஓட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்விலிருந்து. மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, உடல் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். சராசரியாக 4% மிச்சம். இது ஆற்றல் கணக்கு. ஓடி முடிக்கும் நேரம் அப்படியே 4% குறையும் என்று அர்த்தம் இல்லை.

நம்மைப் போன்றவர்கள் மணிக்கு 18 கி.மீ. ஓடுவோமா? 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு இதே வகை ஷூவை மெதுவான வேகத்தில் சோதித்தது. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மிச்சம் சுமார் 1.4%. 10 கி.மீ. வேகத்தில் 0.9% மட்டுமே, அதுவும் ஆளுக்கு ஆள் மாறியது. அயன்மேனில் மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிப்பவரின் வேகம் மணிக்கு 8.4 கி.மீ. தான். அவர் 20,000 ரூபாய் தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, அவரால் எட்ட முடியாத வேகத்துக்கான விலை.

மூன்றாவது, கால். கோனாவில் ஒரு ஷூவை 500 பேர் போட்டிருந்தாலும், உங்கள் சுண்டுவிரல் அதில் இடித்தால் உங்களுக்கு அது ஆகாது.

காலுக்கு ஆபத்து உண்டா?

கார்பன் தகடு ஷூ போட்டு ஓடிய 5 பேருக்கு, பாதத்தின் நடுவில் இருக்கும் நேவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூ மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவர்கள் சொன்னது: திடீரென்று மாறாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். இந்த எலும்பு உடைந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அப்போ வெறுங்காலே போதுமா?" என்றால், அதற்கும் ஆள் இருக்கிறார். நடிகர் மிலிந்த் சோமன் 2017-ல் ஃப்ளோரிடாவில் 3 நாள் 'அல்ட்ராமேன்' போட்டியை முடித்தார். 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ.க்கு மேல் சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். ஓடியது வெறுங்காலில். நம்ம ஊருக்கு இது ஆச்சரியமும் இல்லை. பௌர்ணமிக்கு திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானவர்கள் 14 கி.மீ. கிரிவலம் போவது செருப்பில்லாமல்தான். ஆனால் நடப்பது வேறு, ஓடுவது வேறு. மிலிந்த் சோமன் பல வருடம் பழகிய கால். ஆபீஸில் ஷூ சாக்ஸோடு பத்து மணி நேரம் இருக்கும் கால், ஒரே வாரத்தில் தார் ரோட்டுக்குத் தயாராகாது.

நைக்கி ஷூ நம்ம பக்கத்திலா தயாராகிறது?

பிராண்ட் மயக்கத்தைத் தெளிய வைக்கும் இன்னொரு தகவல். அவலூர்பேட்டையிலிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி தாண்டி வடகிழக்கே போனால் செய்யாறு சிப்காட். அங்கே தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலைகளில் நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. தெற்கே உளுந்தூர்பேட்டையில் ஆலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 வேலைகள் என்பது அறிவிப்பு.

பௌ சென் யாருக்கெல்லாம் ஷூ செய்கிறது தெரியுமா? நைக்கி, அடிடாஸ், ஆசிக்ஸ் என்று ஒன்றோடு ஒன்று போட்டி போடும் பிராண்டுகளுக்கு. டிசைனும் ஃபோமும் வேறு வேறுதான். ஆனால் தைப்பது, ஒட்டுவது எல்லாம் ஒரே குழுமத்தின் ஆட்களாக இருக்கலாம். கம்பெனி பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கும் முன் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

சரி, எப்படித்தான் வாங்குவது?

* சாயங்காலம் கடைக்குப் போங்க. நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

* ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்க. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.

* கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்க. "போகப் போக சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. முதல் நிமிஷத்திலேயே உறுத்தினால் வேண்டாம்.

* ஈரக்கால் தடம் பார்த்து, "உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த ஷூதான்" என்பார்கள். அமெரிக்க ராணுவத்திலும் விமானப் படையிலும் மரைன் படையிலும் புது வீரர்களுக்கு இப்படித் தடம் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. போட்டால் வசதியாக இருக்கிறதா என்பதே இப்போதைக்கு நம்பகமான அளவுகோல்.

* ஒரே விலை உயர்ந்த ஜோடிக்குப் பதில், நடுத்தர விலையில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். 264 பேரை வைத்து லக்ஸம்பர்க்கில் நடந்த ஆய்வில், இப்படி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39% குறைவாக இருந்தது.

* புது மாடல் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும். போன வருஷ ஷூ போன வருஷம் எப்படி ஓடியதோ அப்படியேதான் இப்பவும் ஓடும்.

* 'ஃபர்ஸ்ட் காப்பி' வேண்டவே வேண்டாம். அதில் காப்பியடிப்பது லோகோவையும் நிறத்தையும். உள்ளே இருக்கும் ஃபோமை இல்லை. 21 கி.மீ.யில் முழங்காலைக் காப்பாற்ற வேண்டியது அந்த ஃபோம்.

* ரேஸ் அன்று புது ஷூ கூடாது. அதே ஷூவில், சைக்கிள் ஓட்டி இறங்கிய கையோடு சில தடவை ஓடிப் பார்த்திருக்கணும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் ஒரு தடவை ஓடுங்க. எங்கே உரசுகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடும் தம்பிக்கும் இதில் பாதி பொருந்தும். 1,500 மீட்டருக்குக் கார்பன் தகடும் வேண்டாம், 40 மி.மீ. மெத்தையும் வேண்டாம். காலுக்குச் சரியாகப் பொருந்தும் சாதாரண ரன்னிங் ஷூவும், சில மாத ஒழுங்கான பயிற்சியும் போதும்.

இனி யாராவது "கோனாவில் இதுதான் நம்பர் ஒன்" என்று சொன்னால், மூன்றே கேள்வி கேளுங்க. என்ன வேகத்தில் ஓடுபவருக்கு? எவ்வளவு தூரத்துக்கு? காசு கொடுத்து வாங்கினாரா, இல்லை காசு வாங்கிக்கொண்டு போட்டாரா? பதில் கிடைத்த பிறகு பர்ஸைத் திறக்கலாம்.