டெல்லிக்குப் போகும் பிள்ளைகள் என்ன கொண்டு வர வேண்டும்?



சங்கத்து இளைஞர்களை டெல்லிக்குக் கல்விச் சுற்றுலா அனுப்பலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "பத்து நாள் கல்லாவில் யார் உட்காருவது? செலவுக்கு எங்கே போவது?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அனுப்பத்தான் வேண்டும் என்பது என் கருத்து. என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஆண்டுதோறும் குடியரசு தின அணிவகுப்புக்கு டெல்லி செல்கிறார்கள். 2025 ஜனவரியில் பாரத் மண்டபத்தில் எல்லா மாநிலங்களிலிருந்தும் சுமார் 3,000 இளைஞர்கள் கூடிப் பேசினார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தலைநகரில் வேலை இல்லையா?

வேலை இருக்கிறது. இந்தியா கேட் முன்னால் போட்டோ எடுத்து, தாஜ்மகால் பார்த்து, ஸ்வெட்டர் வாங்கி வருவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

26 கிலோ மூட்டை எங்கிருந்து வந்தது?

2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. சில நாட்களிலேயே 26 கிலோ மூட்டை நம் கடைகளில் வந்து இறங்கியது. "இது என்ன ஒரு கிலோ கூடுதல்?" என்று வாடிக்கையாளர் கேட்டால், கல்லாவில் இருக்கும் எத்தனை பிள்ளைகளுக்குப் பதில் தெரியும்?

நம் தராசுக்கும் பாக்கெட்டுக்கும் 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம். நம் உணவுப் பொருளுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஜி.எஸ்.டி. தொடங்கி வைக்கப்பட்டது 2017 ஜூன் 30 நள்ளிரவில், நாடாளுமன்ற மைய மண்டபத்தில். 2025 செப்டம்பரில் டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவின்படி அதே மாதம் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட், நெய் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. அப்போது பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு மறந்திருக்காது.

சட்டம் வந்த பிறகு கடையடைப்பு செய்வது நமக்குப் பழக்கமாகி விட்டது. சட்டம் வருமுன் பேச நமக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இன்று கல்லாவில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள்தாம்.

புறப்படுமுன் உள்ளூர்

ரயில் ஏறுமுன் அவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போங்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து குடவோலைத் தேர்தல் விதிகள் கல்லில் இருக்கின்றன. ஆண்டு 919, 921. முப்பது குடும்புகள், 35 முதல் 70 வயது வரை உள்ளவர், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்க முடியாது!

2020 டிசம்பர் 10-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பேசினார். மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது டெல்லியே நம் கடற்கரைக்கு வந்தது. பல்லவர் துறைமுகத்தையும் உத்திரமேரூர்க் கல்லையும் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை, டெல்லியில் கூனிக் குறுகி நிற்க மாட்டான்.

டெல்லியில் பார்க்க வேண்டியவை

முதலில் நாடாளுமன்றம். பார்வையாளர் மாடத்துக்கு எம்.பி.யின் சிபாரிசு தேவை. செங்கல்பட்டு, மாமல்லபுரம், உத்திரமேரூர் மூன்றும் காஞ்சிபுரம் தொகுதியில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் 13 சம்பவத்துக்குப் பின் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். ஆகையால் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை விவரங்களோடு முன்கூட்டியே எழுத வேண்டும்.

அடுத்தது காரி பாவ்லி. சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில், பத்தேபுரி மசூதியை ஒட்டிய மசாலாச் சந்தை. குண்டூர் மிளகாயும் கேரளத்து மிளகும் ஏலமும் குஜராத் சீரகமும் ஆப்கானிஸ்தான் உலர் பழங்களும் ஒரே தெருவில் கிடைக்கும். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடக்கட்டும். மூன்று சரக்கின் மொத்த விலையைக் கேட்டு எழுதி, நம் கொள்முதல் விலையோடு ஒப்பிடட்டும். லாரி வாடகை, தரகு, கழிவு எல்லாம் போக என்ன நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நேரமிருந்தால் ஆசாத்பூர் காய்கனி மண்டிக்கு விடியற்காலையில் போகலாம். மாமல்லபுரத்துக் கற்சிற்பக் கடைப் பிள்ளைகள், கைவினைப் பொருளை எப்படி அடுக்கி விற்கிறார்கள் என்று டில்லி ஹாட்டில் பார்க்க வேண்டும்.

ஏற்பாடுகள்

பொங்கல் வியாபாரம் முடிந்த பிப்ரவரி உகந்தது. பட்ஜெட் கூட்டத்தொடரும் நடக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு பகல் பயணம். சுமார் 2,180 கிலோமீட்டர். காரி பாவ்லிக்கு ஞாயிறு விடுமுறை, செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. நாள் குறிக்கும்போது இதைக் கவனிக்கவும். ஆர்.கே.புரத்தில் 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் முருகன் கோயிலும் இருக்கின்றன. வெளியூரில் நம் மொழி கேட்டால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும். கடையில் நமக்குத் துணை நிற்கும் பெண் பிள்ளைகளையும் உடன் அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும்

அடுத்த மாதக் கூட்டத்தில் அவர்கள் மேடையேறி மூன்று செய்தி சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் பார்த்தது என்ன? காரி பாவ்லியில் விசாரித்த விலை என்ன? நம் சங்கம் அடுத்து எந்தக் கோரிக்கையை டெல்லிக்கு எழுத வேண்டும்? அந்தக் கோரிக்கைக் கடிதத்தை அவர்களே எழுதட்டும். பெரியவர்கள் நாம் கையெழுத்துப் போடுவோம்.

கூடவே பயணச் செலவுக் கணக்கையும் பைசா சுத்தமாக வைக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை. இது நம் மாவட்டத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிற சட்டம்!