பனிச்சறுக்கு ஆசையா? பர்ஸோடு முழங்காலையும் பார்த்துக்குங்க!

"டாக்டர், வர்ற பிப்ரவரியில குடும்பத்தோட பனிமலைக்குப் போறோம். பையன் ஸ்கீயிங் கத்துக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். அம்மாவையும் அழைச்சிட்டுப் போகலாம்னு இருக்கோம். சளி பிடிக்காம இருக்க ஏதாவது சூரணம் கொடுங்க!"

கீழவாஞ்சூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒருவர் கேட்டது இது. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு 73 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி மூன்றும் உண்டு. டூர் கம்பெனி நோட்டீசையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் குல்மார்க் கேபிள் காரில் உச்சி வரைக்கும் போவதாகக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சளியைப் பற்றிக் கவலைப்படுகிற நம்மவர்கள் உயரத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுவதே இல்லை! சளிக்குச் சுக்குக் கஷாயம் போதும். உயரத்துக்கு என்னிடம் சூரணம் கிடையாது. யாரிடமும் கிடையாது. எந்த இடம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு மருந்து. நல்ல வேளையாக, உடம்புக்கு ஒத்துவரும் இடமே பெரும்பாலும் செலவும் குறைவான இடமாக இருக்கிறது.

தொட்டபெட்டாவை அளவுகோலாக வைத்துக்குங்க

நாம் இருப்பது கடலோரம். வீட்டு மாடியில் ஏறினால்தான் நமக்கு உயரம்! ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வடக்கே பாருங்கள்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். அதற்குப் பக்கத்தில் சறுக்கு நடக்கும் சோலங் பள்ளத்தாக்கு சுமார் 2,560 மீட்டர். குல்மார்க் சுமார் 2,650, அதாவது தொட்டபெட்டா உச்சியிலேயே ரூம் போட்டுத் தூங்குவது மாதிரி. உத்தராகண்டில் உள்ள அவுலி 2,500-லிருந்து 3,050 மீட்டர் வரை.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தங்கினால் சிலருக்கு மலை நோய் வரலாம். தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை, தூக்கமின்மை, நாலு அடி வைத்தால் களைப்பு... இதை 'பித்தம் ஏறிடுச்சு' என்று எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துச் சமாளிக்கக் கூடாது. அன்றைக்கு மேலே ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

குல்மார்க் கேபிள் காருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். 2005-ல் திறந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். முந்தாநாள் வரை காரைக்கால் கடற்கரையில் காற்று வாங்கிய 73 வயது அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்துவானேன்? இரண்டாம் கட்டத்தை நோட்டீசிலிருந்து அடிக்கச் சொன்னேன். டிக்கெட் பணமும் மிச்சம்.

ஆறு பேர் போனால் சறுக்குவது எத்தனை பேர்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நண்பர் விழித்தார். கணக்குப் போட்டதில் பையனும் பெண்ணும் மட்டும்தான் சறுக்குகிறார்கள். அவர் ஒரு மணி நேரம் 'டிரை' பண்ணுவாராம். மற்ற மூன்று பேரும் போட்டோ எடுப்பார்கள். அப்படியானால் சறுக்காதவர்களுக்கும் வசதியான ஊராக, ராத்திரி தாழ்வாகத் தூங்கிப் பகலில் பனிக்குப் போய்வரும் ஊராகப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். என் ஓட்டு மணாலிக்கு. சோலங் அங்கிருந்து சுமார் 14 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹூல் பக்கம் சிஸ்ஸுவுக்கும் போய் வரலாம். அது 3,000 மீட்டருக்கு மேலே. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், தங்க வேண்டாம்.

போகும் வழியையும் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து ரயிலில் சென்னை, சென்னையிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மணாலி. இதில் சென்னை–தில்லி மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை நாள். 'விமானத்தில் போனால் சீக்கிரம்' என்பது சரிதான். ஆனால் வயதானவர்களுக்குத் தில்லியில் ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் படிப்படியாக ஏறுவது உடம்புக்கு நல்லது.

காஷ்மீர்தான் வேண்டும் என்றால் சுமார் 1,585 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரில் தங்கிக் குல்மார்க்குக்குப் பகலில் போய் வாருங்கள். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. அதே வருடம் ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பலருக்குத் தயக்கம் இருக்கிறது. அரசு அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவுலிக்கு ஜோஷிமட்டிலிருந்து நீண்ட ரோப் கார் உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி டிக்கெட் எடுக்காமல் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எப்போது போவது? அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசி வாரத்தில் போகத்தான் எல்லோரும் துடிப்பார்கள். அதுதான் விலை உச்சத்தில் இருக்கும் வாரம். பனியும் நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கு மேல் குல்மார்க் புல்தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா பனிக்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நம்பிக்கை அதிகம். ஸ்கூல் பரீட்சை குறுக்கே வருமே என்பீர்கள். பிளஸ் டூ பிள்ளை இருந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள்!

நோட்டீசில் இல்லாத செலவு

பேக்கேஜில் பெரும்பாலும் ரூமும் வண்டியும் சாப்பாடும்தான் அடங்கும். கோட்டு வாடகை, பூட்ஸ் வாடகை, ஸ்கீ கட்டை வாடகை, சொல்லிக்கொடுப்பவர் சம்பளம், கேபிள் கார் டிக்கெட் எல்லாம் தனி. பனி விழுந்தால் டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். குல்மார்க்குக்குத் தங்மார்க்கில் இது வழக்கம். அதற்கும் தனிக் கூலி. இதையெல்லாம் ஆறால் பெருக்கிப் பார்த்துவிட்டு 'சீப்' என்று சொல்லுங்கள்.

பையன் உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் சுற்றுலாவில் ஒரு மணி நேரம் சறுக்குவது வீண் செலவு. விழுந்து எழுந்திருக்கவே அந்த ஒரு மணி நேரம் சரியாகிவிடும்! குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மணாலியில் 1961-ல் தொடங்கி, இன்று அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் இருக்கும் மலையேற்ற நிலையம் சோலங்கில் பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, கட்டை, பூட்ஸ், பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். தனியார் சொல்லும் நாள் கணக்கோடு ஒப்பிட்டால் இவை மிக மலிவு. வயது வரம்பு உண்டு, மருத்துவச் சான்று கேட்பார்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். காலேஜ் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டுக் குடும்பம் இன்னொரு சமயம் கொடைக்கானல் போய் வந்தாலும் தப்பில்லை. எனக்கு இதுதான் மனசுக்குப் பிடித்த யோசனை. நண்பரின் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை!

சித்தப்பா பிரான்சில் இருக்கிறாரா?

காரைக்கால் பக்கம் இது சாதாரணக் கேள்வி. 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பாரிஸ் பக்கம் உறவு உள்ள வீடுகள் நிறைய. 'அங்கே போனால் ஆல்ப்ஸ் மலையே பக்கத்தில்' என்று நினைக்கிறார்கள். தங்குமிடம் இலவசம் என்பது பாரிசில்தான். மலை அங்கிருந்து பல மணி நேரப் பயணம். அங்கே ரூம், லிப்ட் டிக்கெட், கட்டை வாடகை எல்லாம் யூரோவில். பிரான்சில் பள்ளிகளுக்குக் குளிர்கால லீவு இரண்டு வாரம். நாட்டை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து பிப்ரவரி, மார்ச்சில் மாற்றி மாற்றி விடுவார்கள். மலையூர்களில் கூட்டமும் விலையும் ஏறும் வாரங்கள் அவை. பாரிஸ் சி மண்டலம். சித்தப்பா பிள்ளைகளுக்கு லீவு என்பதற்காக நீங்களும் அதே வாரம் போனால் கையைச் சுடும். ஜனவரி நடுவிலோ, மார்ச் கடைசியில் உயரமான மலையூர்களிலோ பாருங்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். அந்தப் பாலிசியில் பனிச்சறுக்கு விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். மலைச்சரிவிலிருந்து தூக்கி வரும் செலவைப் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வளைகுடாவில் பிள்ளைகள் வேலை செய்யும் வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. துபாயில் ஒரு வணிக வளாகத்துக்குள்ளேயே 2005-ல் திறந்த 'ஸ்கீ துபாய்' இருக்கிறது. நீளமான சறுக்குப் பாதை 400 மீட்டர். மலை நோய் பயம் கிடையாது, உடுப்பும் அங்கேயே தருகிறார்கள். மகனைப் பார்க்கப் போகும் பயணத்தில் அரை நாள் இதற்குக் கொடுத்தால் ஆசையும் தீரும். ஆனால் இமயத்தைப் பார்த்த மாதிரி ஆகுமா என்றால், ஆகாது!

ஆறு வாரம் முன்னாலேயே தோப்புக்கரணம்

பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். காலோடு கட்டை பூட்டியிருக்க, உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிடும். தொடைச்சதை பலமாக இருந்தால் காலைக் கட்டுப்படுத்துவது சுலபம். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தை விட மலிவான பயிற்சி எனக்குத் தெரியாது. காலையில் பத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். மாலையில் கடற்கரை மணலில் அரை மணி நடை. ஒற்றைக் காலில் நின்று நிதானம் பழகுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் முழுக்க உட்கார வேண்டாம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் போதும்.

வாடகைக்குக் கட்டை எடுக்கும்போது எடையைக் கேட்பார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்! விழும்போது பூட்ஸ் கட்டையிலிருந்து கழன்றுகொள்ளும்படி ஒரு பூட்டு இருக்கும். அதை உங்கள் எடை, உயரம், பழக்கம் இவற்றை வைத்துத்தான் முடுக்குவார்கள். 'எனக்கு நல்லா தெரியும்' என்று ஜம்பம் அடித்தால் பூட்டை இறுக்கிவிடுவார்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாது. இளைஞர்கள் கொடி நட்ட பாதையை விட்டு வெளியே போகவே கூடாது. 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் அப்படிப் போன ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார்.

அடிபட்ட முழங்கால் சில மணி நேரத்தில் வீங்கினாலோ, ஊன்ற முடியாவிட்டாலோ எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உளுந்துத் தைலம் வாத வலிக்கு நல்ல மருந்து. சித்த வைத்தியனான நானே கொடுக்கிறேன். ஆனால் அறுந்த தசைநாரை உருவினால் கெடுதல்தான் அதிகமாகும். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், காலை உயர்த்தி வைப்பது, பிறகு எலும்பு டாக்டர்.

குளிருக்குப் பிராந்தியா?

வாஞ்சூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்! பனிக்குப் போகிறவர்கள் பெட்டியில் ஒரு பாட்டிலை மறைத்து வைப்பதும் தெரியும். குடித்ததும் தோலில் ரத்தம் பாய்ந்து சூடு ஏறுவது மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வழியாக உடம்பின் உள்சூடு வெளியே போகிறது. மலை உயரத்தில் மூச்சையும் தூக்கத்தையும் அது இன்னும் கெடுக்கும். சுக்கு, மல்லி போட்ட காபி போதும்; அல்சர் உள்ளவர்கள் மிளகு, திப்பிலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் காயாது, அதுவே குளிரை இழுக்கும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு. பூட்சுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் மரத்துவிடும். கம்பளியில் ஒன்றே போதும். வாடகைக் கோட்டும் பூட்சும் எத்தனையோ பேர் போட்டது, அதனால் சாக்சும் உள்ளாடையும் நம்முடையதாக இருக்கட்டும்.

கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்காக அல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் பகல் முழுக்க நின்றால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி உறுத்தும். தேங்காய் எண்ணெய் முகத்துக்குப் போதாது, வெயில் தடுப்புக் களிம்பு வாங்குங்கள்.

இதய நோய், ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுக்கும் முன்பே குடும்ப டாக்டரைப் பாருங்கள். மலை நோய்க்கு முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும். ரத்த அழுத்த மாத்திரையை ஊர் மாறினாலும் ஒரு வேளைகூட விடக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் இன்சுலினைப் பெட்டியில் போட்டு வண்டிக் கூரையில் கட்டிவிடாமல் ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. அதனால் இரண்டு பேரிடம் பிரித்து, கூடுதலாக எடுத்துப் போங்கள்.